மூக்கறியா நஞ்சு

பாடம் 7 – உரைநடை
(அறிவியல், வாழ்வியல்)

நுழையும்முன்

கண் மூடியிருக்கும்போதும் மூக்கு விழித்திருக்கிறது. அடுக்களையில் பால் தீய்ந்தாலும் எரிவாயு கசிந்தாலும் முதலில் அறிவது மூக்கே. ஆனால், மூக்கு அறியாத பகையும் ஒன்று உண்டு. அது எது? அதனிடமிருந்து நம்மை எவ்வாறு காத்துக்கொள்வது? இக்கேள்விகளுக்கு விடை சொல்கிறது இப்பாடம்.

தார்நாகாவும் நிலக்கரியும்

மாணவர்களே! தார்நாகாவில் நாம் அன்றாடம் கடந்து செல்லும் சாலையில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். 1944-ஆம் ஆண்டு ஐதராபாத் அரசின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 1956-இல் மண்டல ஆய்வுக்கூடம் என்றும் 1989-இல் இப்போதைய பெயரும் பெற்றது. இங்கு நெடுங்காலம் ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று நிலக்கரி. 1871-ஆம் ஆண்டு வில்லியம் கிங் என்னும் நிலவியல் அறிஞர் இல்லெந்து ஊரின் அருகே நிலக்கரிப் படிவத்தைக் கண்டார். அதன்பின் சிங்கரேணி என்னும் சிற்றூரின் பெயர் நாடறிந்த சுரங்கப் பெயராயிற்று.

அந்நிலக்கரியைப் புகையின்றி எரியச் செய்ய இயலுமா என்று தார்நாகா ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியை ஏறத்தாழ 600 முதல் 700 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், அதிலுள்ள தாரும் வளிகளும் பிரிந்து வெளியேறும். எஞ்சும் கரி புகையின்றி எரியும். நம் தமிழ்நாட்டிலும் இவ்வாறான முயற்சி நடந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்திச் சூடாக்கி 'லெகோ' என்னும் எரிபொருள் செய்யப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். லெகோ அடுப்பில் சோறு பொங்கியவர்கள் அவர்களுள் இருக்கக்கூடும்.

புகை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது அன்றோ? எனக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே தோன்றிற்று. அவ்வெண்ணம் பிழையென்று நான் கற்றது நூலில் அன்று, ஒரு வீட்டில்.

மலைநகரில் ஒரு வீடு

ஐதராபாத்திற்கு மாற்றலாகி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வடக்கே ஒரு மலைநகரில் ஆசிரியப் பணியாற்றினேன். அங்குக் கார்த்திகை தொடங்கினால் தண்ணீர்க்குடத்தின் மேல் பனி ஆடை படியும். நாங்கள் குடியிருந்த பழைய கல்வீட்டில், அறையைச் சூடேற்றுவதற்குச் சுவரோரம் ஒரு கணப்படுப்பு இருந்தது. நிலக்கரி இட்டு எரிப்பார்கள். புகை வெளியேறச் சுவருக்குள்ளேயே செங்கல்லால் ஒரு புகைபோக்கி எழுப்பப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக எவரும் அதைத் தூய்மை செய்யவில்லை.

நாங்கள் குடிபுகுந்தது மழைக்காலத்தில். அடுப்பை மூட்டாதபோதே அறையில் ஒருவகைப் புளித்த வாடை வீசிற்று. நனைந்த சாம்பலும் பழைய கரியும் கலந்தாற்போன்ற வாடை அது. கூடத்தைக் கழுவினோம், ஊதுவத்தி ஏற்றினோம். வாடை போகவில்லை. குளிர்காலத்தின் முதல் நாள் அடுப்பை மூட்டியபோது, தீக்குச்சி உரசினால் எழும் நெடி அறையெங்கும் பரவித் தொண்டையைக் கரகரக்கச் செய்தது.

அண்டை வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். இரயில்வேயில் நீராவி எஞ்சினுக்குக் கரி தள்ளும் பணியில் இளமையைக் கழித்தவர். அவரை அழைத்து வந்தேன். அவர் அடுப்பைத் தொடவில்லை. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி அடுப்பின் வாய்க்கருகில் பிடித்தார். புகை உள்ளே இழுக்கப்பட்டு மேலேற வேண்டும். ஆனால், அது தயங்கி நின்று எங்கள் முகத்தை நோக்கித் திரும்பியது. "வீட்டுக்கு மூச்சு முட்டுகிறது, ஆசிரியரே! மூச்சுக்குழலைப் பார்ப்போம்" என்றார்.

வாடை சொல்லும் செய்திகள்

சூடான காற்று இலேசானது. ஆதலால் மேலே எழுகிறது. அது மேலேறும்போது அடுப்பின் வாயில் புதுக்காற்று உள்ளிழுக்கப்படுகிறது. இவ்விழுப்பே புகைபோக்கியின் உயிர். குழலில் அடைப்பு இருந்தாலும், குழல் குளிர்ந்து கிடந்தாலும், அறைக்குள் புதுக்காற்று வர வழியில்லாவிட்டாலும் இழுப்புக் குறையும். அப்போது மேலே செல்லவேண்டியது அறைக்குள் திரும்பும். எந்த வாடை எதைக் குறிக்கும் என்று அம்முதியவர் ஒவ்வொன்றாக விளக்கினார். பின்னாளில் வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு, அவற்றின் காரணங்களையும் குறித்துக்கொண்டேன்.

1. புளித்த ஈர வாடை: அடுப்பு எரியாத மழைநாளில் வீசும். புகைபோக்கியின் தலைமூடி உடைந்து மழைநீர் உள்ளே இறங்குகிறது. குழலில் படிந்த புகைக்கரி நனைகிறது என்பது பொருள்.

2. தீக்குச்சி நெடி: நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. இந்நெடி அறையில் வீசினால் புகை திரும்புகிறது என்பது உறுதி.

3. அழுகிய முட்டை நாற்றம்: இது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளி. கரிக்குப் போதிய காற்றுக் கிடைக்காமல் மூடுண்டு புழுங்கும்போது எழும்.

4. தார் வாடை, அந்துருண்டை வாடை: எரியும் தணலின்மேல் ஒரே நேரத்தில் மிகுதியாகப் புதுக்கரியைக் கொட்டினால், தாராவி எரியாமல் மேலேறிக் குளிர்ந்த குழலில் படியும். அதன் மணம் இது.

5. செத்த உயிரின் நாற்றம்: பறவையோ எலியோ குழலுக்குள் விழுந்து இறந்திருக்கும். அடைப்பும் அங்கேயே இருக்கும்.

வாடையை மறைக்க வாசனைப் பொருள் தெளிப்பது, காய்ச்சல் கண்டவனுக்குப் புதுச்சட்டை அணிவிப்பதுபோலாகும். சட்டை புதிதாகும், காய்ச்சல் அப்படியே இருக்கும்.

புகைபோக்கியைச் செப்பனிடுதல்

அடுப்பை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டோம். பழகிய தொழிலாளர் இருவர் வந்தனர். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டனர். புகைக்கரி அறைக்குள் பறக்காதபடி அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடினர். கூரையின்மேல் ஏறியவர், இடையில் கயிறு கட்டிக்கொண்டு, நீண்ட கம்பியில் பொருத்திய வட்டத் தூரிகையைக் குழலுக்குள் இறக்கி ஏற்றினார். முதலில் விழுந்தது சுள்ளிகளாலான ஒரு பறவைக்கூடு. அதன்பின் கொட்டிய புகைக்கரி இரண்டு கூடை நிறைந்தது.

பிறகு முதியவர் ஒரு விளக்கைக் கொண்டு குழலின் உட்புறத்தை நோக்கினார். செங்கற்களுக்கு இடையிலிருந்த சாந்து பல இடங்களில் பொடிந்திருந்தது. புகைக்கரியில் கந்தகம் கலந்திருக்கிறது. அது மழைநீரோடு சேரும்போது அமிலமாகிச் சுண்ணாம்புச் சாந்தை அரிக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் புகைபோக்கி, தன்னைத் தானே தின்கிறது என்றே சொல்லலாம். வெடிப்புகளைப் பூசினர், மழை புகாதபடி புதிய மூடியும், பறவை நுழையாதபடி கம்பிவலையும் பொருத்தினர். ஆண்டுதோறும் குளிர்காலத்திற்கு முன் ஒருமுறை தூரிகையிட வேண்டும். நாள்தோறும் எரிப்பதாயின், பருவத்தின் நடுவிலும் ஒருமுறை இட வேண்டும் என்று முதியவர் கூறினார்.

பணி முடியும்வரை என் மாணவர் சிலர் வியப்போடு வேடிக்கை பார்த்தனர். ஒருவன் தானும் ஏறுவதாகச் சொன்னான். முதியவர் கையமர்த்தித் தடுத்தார். அவர் தடுத்ததன் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குறுகிய புகைபோக்கிகளைத் தூய்மை செய்ய ஏழைச் சிறுவர்களையே உள்ளே ஏற்றினர். அத்தொழில் செய்தோர்க்குப் புகைக்கரியால் புற்றுநோய் உண்டாவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1788 முதல் சட்டங்கள் இயற்றியும் கொடுமை நிற்கவில்லை. 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி மாண்டான். அதன் பின்னர் இயற்றப்பட்ட சட்டமே சிறுவர்களை அத்தொழிலிலிருந்து மீட்டது. ஆகவே, புகைபோக்கியை நோக்குவது உங்கள் உரிமை. அதில் ஏறுவது உங்கள் வேலை அன்று.

வாடையே இல்லாத இரவு

செப்பனிட்டபின் வீடு மாறிற்று. ஊதுவத்திப் புகை அடுப்பின் வாய்க்குள் ஓடி மறைந்தது. புளிப்பும் இல்லை, நெடியும் இல்லை. "சாளரத்தை விரற்கடை அளவேனும் திறந்து வையுங்கள், தணல் ஆறும்வரை அடைப்புத் தகட்டை மூடாதீர்கள்" என்று முதியவர் சொல்லிச் சென்றார். நானும் தலையசைத்தேன்.

தை மாதத்தின் ஓர் இரவு. வெளியே பனி கொட்டிற்று. அடுப்பில் தீக்கொழுந்து அடங்கிச் செந்தணல் மட்டும் கனன்றது. அதன்மேல் நீலச் சுடர்கள் மெல்ல ஆடின. புகை துளியும் இல்லை. இவ்வளவு வெப்பமும் வீணே மேலே போகிறதே என்று எண்ணினேன். புகைபோக்கியின் அடைப்புத் தகட்டை இழுத்து மூடினேன். சாளரத்தையும் சாத்தினேன். மூக்கால் நன்றாக முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. நிம்மதியாகப் படுத்தேன்.

நள்ளிரவில் என் மகள் "அப்பா, தலை வலிக்கிறது" என்று அழுதாள். எழ முயன்றேன், கால்கள் துவண்டன. எனக்கும் தலை பிளப்பதுபோல் வலித்தது. மனைவியை எழுப்பினேன், அவள் கண் திறக்கவே நேரமாயிற்று. ஒரே இரவில் மூவருக்கும் ஒரே நோயா என்ற ஐயம்தான் எங்களைக் காத்தது. கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பனியில் போய் நின்றேன். முதியவர் ஓடிவந்து, எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கு எங்களுக்கு உயிர்வளி கொடுத்தனர். விடியும்போது மகள் பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "வாடை வந்தால் பிணி உண்டு என்று அறியலாம், வாடை இல்லையென்றால் பிணி இல்லை என்று அறிய முடியாது."

மூக்கு ஏன் அறியவில்லை?

கரி நிறைந்த காற்றில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அவ்வளி கனன்று நிற்கும் கரியின் ஊடே மேலேறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேலே போதிய காற்று இருந்தால் இது நீலச் சுடராக எரிந்துவிடும். காற்றும் வழியும் அடைபட்டால், எரியாமல் அறைக்குள் பரவும். இதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. கண்ணையும் தொண்டையையும் இது உறுத்துவதும் இல்லை.

நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. ஆனால், அது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்தோடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. எனவே, காற்றில் இந்நஞ்சு சிறிதளவே கலந்திருந்தாலும் உடல் உயிர்வளியின்றி வாடுகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். வீட்டிலுள்ள அனைவர்க்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றுவதும், வெளியே வந்தால் குறைவதும் சிறப்பான அடையாளங்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். புகையும் நிலக்கரி கெட்ட நண்பன்போல் இரைச்சலிட்டு நம்மை எச்சரிக்கிறது. நன்கு எரிந்த தணலும், அடுப்புக்கரியும், லெகோ போன்ற புகையா எரிபொருளும் அந்த எச்சரிக்கையைக்கூடத் தருவதில்லை. புகையைக் குறைத்தது அறிவியலின் வெற்றியே. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 1956-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் புகையா எரிபொருளையே வலியுறுத்தியது. ஆயினும், புகை போனபின்னும் நஞ்சு எஞ்சியிருக்கிறது. ஆதலால், எரிபொருள் எதுவாயினும் காற்றோட்டம் வேண்டும்.

நம் அடுக்களையிலுள்ள சமையல் எரிவாயுவுக்கும் இயல்பில் மணம் மிகக் குறைவு. கசிவை நாம் அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கடும் வாடைப் பொருளை அதில் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடோ நம் வீட்டு நெருப்பிலேயே பிறப்பது. அதற்கு வாடை கலக்க எவராலும் இயலாது. அதை அறிவதற்கென்று எச்சரிக்கைக் கருவிகள் உள்ளன. கணப்படுப்பு உள்ள வீட்டில் அக்கருவி இருத்தல் நன்று.

நம் ஊரில்

தார்நாகாவில் கணப்படுப்புகள் இல்லை. புகைபோக்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மார்கழிக் குளிரில் அடுக்ககத்துக் காவலர் இரும்புச்சட்டியில் தணல் மூட்டிக் குளிர்காய்வதைக் கண்டிருப்பீர்கள். திறந்தவெளியில் அதனால் இடரில்லை. அச்சட்டியைத் தம் சிற்றறைக்குள் எடுத்துச் சென்று கதவைச் சாத்தினால், என் வீட்டில் நிகழ்ந்ததே அங்கும் நிகழும். காற்றோட்டமில்லாத குளியலறையில் இயங்கும் எரிவாயு வெந்நீர்க்கலமும், மூடிய அறையில் ஓடும் மின்னாக்கியும் அவ்வாறே. விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வீர்கள். அங்கே அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தணற்சட்டியை வைத்துக்கொண்டு உறங்காதீர்கள்.

ஐயம் எழுந்தால் செய்யவேண்டியவை மூன்று: கதவைத் திற, அனைவரையும் வெளியே அழைத்துச் செல், 108 என்னும் எண்ணை அழை. யார் வீட்டில், ஏன், எப்படி என்பவற்றை வெளியே நின்று ஆராயலாம்.

மொழி தெரியாத ஊரில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே முதல் உறவினர். என் குடும்பத்தைக் காத்தவருக்கும் எனக்கும் பொதுவான மொழி அரைகுறை இந்திதான். உங்கள் காவலருக்குத் தெலுங்கு தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்பாடத்தில் கற்றதை அவரிடம் அவர் மொழியில் சொல்லுங்கள்.

அருஞ்சொற்பொருள்

கணப்படுப்பு – குளிர்காய்வதற்காக அறையில் அமைக்கும் அடுப்பு
புகைக்கரி – புகை படிவதால் உண்டாகும் கரித்தூள்
தணல் – கொழுந்தின்றிக் கனலும் நெருப்பு
சாளரம் – சன்னல்
சாந்து – கற்களை இணைக்கும் சுண்ணாம்புக் கலவை
அந்துருண்டை – துணிகளைப் பூச்சி அரிக்காமல் காக்கும் வெண்ணிற உருண்டை
உயிர்வளி – ஆக்சிசன்
விரற்கடை – ஒரு விரல் அகலம்

அறிந்து கொள்வோம்

'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணம் உட்பட எல்லா மணத்தையும் குறித்தது. இன்று கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது. இவ்வாறு ஒரு சொல்லின் பொருள் தாழ்வதை 'இழிபொருட்பேறு' என்பர்.

இலக்கணம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

'மூக்கு அறியாத நஞ்சு' என்பதில் 'அறியாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அதன் ஈற்றிலுள்ள 'த' கெட்டு 'அறியா நஞ்சு' என நின்றால், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகும். இதன் பின் வல்லினம் வந்தால் மிகும்.

மூடாத + சாளரம் = மூடாச் சாளரம்
காணாத + பகை = காணாப் பகை
புகையாத + எரிபொருள் = புகையா எரிபொருள் (வல்லினம் வாராமையால் மிகவில்லை)

பயிற்சி

அ. பொருத்துக.
1. அழுகிய முட்டை நாற்றம் – அ. மழைநீர் இறங்குதல்
2. புளித்த ஈர வாடை – ஆ. புதுக்கரியை மிகுதியாகக் கொட்டுதல்
3. தார் வாடை – இ. கரி காற்றின்றிப் புழுங்குதல்

ஆ. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக மாற்றுக.
1. ஆறாத தணல்
2. திறக்காத கதவு
3. வீசாத மணம்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஊதுவத்திப் புகையைக் கொண்டு முதியவர் எதை அறிந்தார்?
2. சமையல் எரிவாயுவில் வாடைப் பொருளைக் கலப்பது ஏன்?
3. நோய் என்று எண்ணாமல் நஞ்சு என ஐயுறுவதற்கு ஆசிரியருக்கு உதவிய அடையாளம் யாது?

ஈ. விரிவான விடை தருக.
1. கேட்பாரற்ற புகைபோக்கி எவ்வாறு பழுதடைகிறது? அதைச் செப்பனிடும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. "வாடை இல்லையென்றால் பிணி இல்லை என்று அறிய முடியாது" – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் எரிபொருள் எரியும் இடங்களைப் பட்டியலிடுக. ஒவ்வோர் இடத்திலும் புதுக்காற்று வரும் வழியையும், எரிந்த வளி வெளியேறும் வழியையும் பெற்றோர் துணையுடன் கண்டு எழுதுக. வழி இல்லாத இடம் இருப்பின், அதைச் சிவப்பு மையால் குறித்துப் பெற்றோரிடம் காட்டுக.